உள்ளேயிருந்து ஒரு தட்டு

பவுடரில் விழுந்திருந்த தண்ணீர்க்கோடு கீழிருந்து மேலே போயிருந்தது.

அவள் டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தாள். ஒழுகும் காருக்குச் செய்கிற முதல் வைத்தியம் பவுடர்தான். கதவோரத் தூண்களிலும் கூரை விளிம்பிலும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தட்டிவிட்டால், நுழைகிற தண்ணீர் கோடு கிழித்துக்கொண்டு இறங்கும். கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கே ஓட்டை. துளி போய் நிற்கிற முனை மட்டும் உருண்டு தடித்திருக்கும், அதை வைத்துத் திசை சொல்லிவிடலாம். இந்தக் கோட்டில் அந்த உருண்டை மேலே இருந்தது. காரின் தரையில் கிளம்பி, பின்கதவுத் தூணில் ஏறி, கூரையில் சன்ரூஃப் கண்ணாடியின் விளிம்புவரை போய் நின்றிருந்தது.

புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்துவிட்டு, அவள்தான் கை பட்டுத் தேய்த்திருப்பாள் என்றான். தண்ணீராவது மேட்டுக்கு ஏறுவதாவது, உனக்குப் பசி மயக்கம், போய்ச் சாப்பிடு என்று கேலி வேறு செய்தான். ஒன்பது வருடத்தில் ஒரு நாளாவது அவள் கை பட்டுப் பவுடர் அழிந்ததுண்டா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவன் ஹோஸை எடுக்கப் போய்விட்டான்.

ஊரில் அவனுக்கு ‘ஒழுகல் டாக்டர்’ என்று பெயர். காருக்குள் தண்ணீர் வருகிறதென்றால் நாலு பட்டறை ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் இவனிடம்தான் வருவார்கள். வேலையில் பாதி அவளுடையது. அவன் வெளியே நின்று ஹோஸ் பிடிப்பான்; அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து பார்ப்பாள். அவன் உடம்புக்கு அவன் ஏறி உட்கார்ந்தாலே கார் ஒரு பக்கம் சாயும் என்பது அவள் சொல்லும் காரணம். தகரத்தில் தண்ணீர் அடிக்கும்போது கத்தினாலும் கேட்காது என்பதால் கண்ணாடியில் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் ஊற்று. இரண்டு என்றால் நிறுத்து. மூன்று என்றால் ஓட்டை கிடைத்துவிட்டது. கேட்டவர் அதே கணக்கைத் திருப்பித் தட்ட வேண்டும்.

அவன் தட்டினால் ‘டிங்’கென்று இருக்கும். கல்யாணமான புதிதில் ஒரு சின்ன பேரிங்கின் வளையத்தை விளையாட்டாக விரலில் மாட்டியவன், பிறகு விரல் தடித்துப்போய்க் கழற்ற முடியாமல் அதையே மோதிரமாக்கிக்கொண்டான்.

இந்தக் காரைக் காலையில் மழையோடு கொண்டுவந்து விட்டவர் ஒரு பல் டாக்டர். மெல்லிய பேச்சு, ஒட்ட வெட்டிய நகம், மடிப்புக் கலையாத சட்டை. பின்சீட்டில் இடது பக்கம் ஈரம் காய்வதே இல்லை என்றார். வாடை போகட்டும் என்று தானே மூன்று முறை உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினாராம். “அடியில எல்லாம் கிளற வேண்டாம். தண்ணி வர்ற வழிய மட்டும் அடைச்சுக் குடுங்க, போதும்,” என்றார். பிள்ளை குட்டி இல்லை, மனைவியும் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பதையும் கேட்காமலே சொன்னார்.

அவள் புருஷனுக்கோ வாய் சும்மா இருக்காது. நீங்களும் டாக்டர், நானும் டாக்டர் என்று ஆரம்பித்து, பவுடர் வைத்தியத்தையும் கண்ணாடியில் தட்டுகிற கணக்கையும் ஒன்று விடாமல் ஒப்பித்தான். பல் டாக்டர் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது பானெட்டில் விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டி, “இப்படியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு பின்கதவை உள்ளிருந்து திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. குழந்தைகள் திறந்துவிடாதபடி போடுகிற பூட்டு இரண்டு பின்கதவிலும் போட்டிருந்தது. பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக் காருக்கு எதற்குச் சைல்டு லாக் என்று அவள் கேட்டதற்கு, அவன் தோளைக் குலுக்கினான்.

மத்தியானம் அவன் சன்ரூஃபில் கை வைத்தான். அந்தக் கண்ணாடியைச் சுற்றி விழும் மழைநீர் வடிந்து போக நான்கு மூலையிலும் குழாய் உண்டு. பின்பக்க இடது குழாய் அடைத்திருந்தது. கம்பியை விட்டு இழுத்தான். வழக்கமாக இலையும் சேறும் வரும். வந்தது முடி. சாண் நீளம், முழ நீளம், சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு முழு நகம். அடியில் தோல் ஒட்டியிருந்தது.

அவள் சன்ரூஃபின் உள்விளிம்பைத் தடவிப் பார்த்தாள். துணி நான்கு நகக்கோடாகக் கிழிந்து, அடியில் தகரம் தெரிந்தது.

அவனோ தகர மூடியில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். எடுத்ததைக் கஸ்டமருக்குக் காட்டினால்தான் வேலை செய்ததை நம்புவார்கள் என்பது அவன் தொழில் தர்மம். எத்தனையோ எலிக்கூட்டையும் எறும்புப் புற்றையும் அப்படி மூடியில் வைத்துக் காட்டியிருக்கிறான். அவன் போனை எடுக்க, அவள் அதைப் பிடுங்கப் பார்த்தாள்.

“அவருக்குச் சொல்லாதீங்க. போலீசுக்குச் சொல்லுங்க.”

“நகத்துக்கெல்லாம் போலீசா? கடையில விக்கிற ஒட்டு நகம்மா இது.”

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷன். போன் போட்டு, முடியும் நகமும் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று பெருமையாகச் சொன்னான். அந்தப் பக்கம் பல் டாக்டர் ஏதோ கேட்டார். “நானும் என் சம்சாரமும்தான் சார் பார்த்தோம். வேற யாரு இருக்கா,” என்றான் இவன்.

கடைசிச் சோதனைக்குப் பட்டறை ஷட்டரைப் பூட்டாமல் இறக்கினான். வெளியே மூன்று மணி, உள்ளே இருட்டு. இருட்டில்தான் வெளியிலிருந்து அடிக்கும் டார்ச் வெளிச்சம் எந்த இடுக்கில் உள்ளே கசிகிறது என்று தெரியும். சன்ரூஃபை மூடி, பேட்டரியையும் கழற்றியாயிற்று. கார்ப்பெட்டை உரித்துப் போட்டிருந்த வெறுந்தகரத்தில் கால் வைத்து, பின்சீட்டின் வலது பக்கம் அவள் உட்கார்ந்தாள். இடது பக்கம் உட்கார மனசு வரவில்லை. பயமாக இருக்கிறது என்று வெட்கத்தை விட்டுச் சொல்லியும் பார்த்தாள். “பத்து நிமிஷம். முடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடலாம்,” என்று அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த பவுடரைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

டிங். அவளும் ஒரு தட்டுத் தட்டினாள்.

தண்ணீர் கதவின் அடியிலிருந்து தொடங்கியது. எப்போதும் அப்படித்தான், கீழே தொடங்கி ஒவ்வொரு சாணாக மேலே ஏற்றுவான். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் எந்த உயரத்தில் நுழைகிறது என்று தெரியாமல் போய்விடும். டார்ச் வெளிச்சம் ஹோஸோடு சேர்ந்து கண்ணாடியைச் சுற்றி மெதுவாக நகர, ஊறிப்போன பஞ்சின் வாடையும் அதற்கடியில் ஆஸ்பத்திரி மருந்து வாடையும் அதற்கும் அடியில் துருப்பிடித்த இரும்பின் வாடையும் ஒவ்வொன்றாக மூக்கில் ஏற, அவள் மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டு தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடுக்கிலும் வெளிச்சம் கசியவில்லை, பவுடரில் ஒரு கோடு விழவில்லை. ஆனால் பாதம் சில்லிட்டது. கையை விட்டுப் பார்த்தாள். கணுக்கால் வரை தண்ணீர்.

பக்கத்து சீட் மெதுவாக அமுங்கியது.

அவள் திரும்பவில்லை. அமுங்கிய பஞ்சிலிருந்து தண்ணீர் பிதுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ சாய்ந்து உட்காரும் சத்தம்.

அதே சமயம் வெளியே ஏதோ கனமாக மோதி, கார் ஒரு முறை ஆடியது. தகரத்தில் அடித்துக்கொண்டிருந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் அடித்தது. டார்ச் வெளிச்சம் சடாரென்று கீழே போய், அங்கேயே நின்றது. இன்னொரு மோதல். இன்னொன்று. ஈரத்துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி ஒரு சத்தம்.

பிறகு தண்ணீர் மறுபடியும் காரின் மேல் விழுந்தது.

நேராகக் கூரையில்.

அவன் ஒரு நாளும் அப்படி ஊற்ற மாட்டான். அவள் கண்ணாடியில் தட்டினாள். இரண்டு. நிறுத்து.

பதில் வந்தது. ஒன்று.

மோதிரம் இல்லாத விரல்.

கண்ணாடியில் வழிந்த தண்ணீர் தரை வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. கதவை இழுத்தாள். சைல்டு லாக். முன்சீட்டுகளின் நடுவே உடம்பைத் திணித்து முன்னால் தவழ்ந்தாள். கை நீட்டுவதற்குள் டிரைவர் பக்கக் கதவு வெளியிலிருந்து திறந்தது.

மழைக்கோட்டுப் போட்ட பல் டாக்டர். கையில் அவள் புருஷனுடைய வீல் ஸ்பேனர். அதன் நுனியில் முடி ஒட்டியிருந்தது.

“பயப்படாதீங்க. ஒரு நிமிஷம்தான்,” என்றார், அதே மெல்லிய குரலில்.

முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தத்தை அவள் காதாலேயே கேட்டாள். எட்டி உதைத்தாள். அவர் முழங்காலை அவள் வயிற்றில் ஊன்றி, உடம்பு முழுவதையும் உள்ளே நுழைத்து, கொண்டையைப் பிடித்துத் தலையைத் திருப்பி நிறுத்திக்கொண்டு, ஸ்பேனரை மறுபடியும் ஓங்கினார்.

பின்னால் தட்டும் சத்தம் கேட்டது. பின்கதவுக் கண்ணாடியின் உள்பக்கத்தில், நிதானமாக.

ஒன்று. இரண்டு. மூன்று.

கணக்கு அவருக்கும் தெரியும். ஓங்கிய கை ஓங்கியபடி நின்றது. அவள் தோளுக்கு மேலே பார்த்த அவர் கண்கள் விரிந்தன, கத்துவதற்கு வாய் திறந்தது.

அந்த வாய்க்குள் ஒரு கை போனது.

அவள் கன்னத்தை உரசிக்கொண்டு போன கை. ஊறி வெளுத்திருந்தது. நான்கு விரலில் சிவப்பு நகம், ஒன்றில் வெறும் சதை. அது கீழ்வரிசைப் பல்லைக் கொக்கி போட்டுப் பிடித்து இழுத்தது. தாடை விலகும் சத்தம். ஸ்பேனர் விழுந்தது. அவருடைய கனம் அவள் மேல் ஊர்ந்து, சீட்டுகளின் நடுவே பின்பக்கம் போனது. தலை. தோள். பிறகு உதைத்துக்கொண்டிருந்த கால்கள்.

அவள் வெளியே விழுந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

அவன் முன்சக்கரத்தின் பக்கத்தில் குப்புறக் கிடந்தான். ஒரு கையால் புரட்டினாள். நெற்றி இருந்த இடத்தில் நெற்றி இல்லை. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள், மார்பில் காது வைத்துப் பார்த்தாள், வீட்டுக்குப் போகலாம் எழுந்திருங்க, எழுந்திருங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் மூக்கில் இன்னும் பவுடர் வாடை இருந்தது. கீழே விழுந்த ஹோஸ் அவன் இரத்தத்தை அலசி வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.

காரின் பின்கதவுக் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள் அப்பின. நடுவில் பல் டாக்டரின் முகம், தாடை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டு.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. நிறுத்து, நிறுத்து.

யாரும் எதையும் ஊற்றவில்லை. அவள் சும்மாதான் நின்றாள்.

அப்போது உள்ளேயிருந்து இன்னொரு தட்டுக் கேட்டது. ஒன்றே ஒன்று.

டிங்.

அவள் குனிந்து பார்த்தாள். மோதிரக் கை அவள் காலடியில், ஈர சிமெண்டில், அசையாமல் கிடந்தது.

டிங்.

அவள் ஹோஸை எடுத்தாள். கதவின் அடியில் தொடங்கினாள், அவன் செய்வதைப் போலவே. எந்த இடுக்கிலும் கசியாத காருக்குள் இப்போது பட்ட இடமெல்லாம் தண்ணீர் போயிற்று. கண்ணாடிக்குப் பின்னால் நீர்மட்டம் ஏறியது. முழங்கை. கழுத்து. தொங்கிய தாடை.

இரண்டு தட்டு. இரண்டு தட்டு. இரண்டு.

டிங்.

அவள் ஒரு சாண் மேலே ஏற்றினாள்.