பொம்மசந்திராவில் முறிந்த ஸ்ட்ரட்

காலை 6.40. பொம்மசந்திரா சர்வீஸ் ரோட்டில் கவிழ்ந்து கிடந்த மினி டிரக்கிலிருந்து டிரைவர் அர்ஜுனனின் உடலை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். முன்சக்கரம் உள்பக்கமாக மடிந்திருந்தது. அதைத் தாங்கும் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர், நடுவில் முறிந்திருந்தது.

இன்சூரன்ஸ் சர்வேயர் பெர்னதெத் குனிந்து டார்ச் அடித்தாள். ஸ்ட்ரட்டில் கம்பெனி முத்திரை இல்லை. மட்டமான போலி. அதன் போல்ட், நட், அடித்தட்டு எல்லாவற்றையும் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் கறுப்புப் பூச்சு ஒரே தோலாக மூடியிருந்தது. சேறு பூச்சுக்கு மேல்தான் இருந்தது.

9.15. சந்தாபுரா. வண்டி முதலாளி கிஷோரின் ஷெட். எஸ்.ஐ. சேஷகிரி விசாரிக்க, அர்ஜுனனின் மனைவி மரகதம் சுவரோரம் நின்றிருந்தாள்.

"ஒரிஜினல் ஸ்ட்ரட்தான் போட்டேன் மேடம். பில் பாருங்க, சீரியல் நம்பர்கூட இருக்கு. அவன் கழட்டி வித்துட்டு டூப்ளிகேட் மாட்டியிருக்கான். திருட்டுப் பய." கிஷோர் பெர்னதெத்திடம் பில்லை நீட்டினான்.

"யாரைடா திருடன்ற?" மரகதம் பாய்ந்தாள். சேஷகிரி குறுக்கே வந்தார்.

"எப்போ மாத்தினீங்க?" என்றாள் பெர்னதெத்.

"போன மாசம் மூணாம் தேதி. அன்னிக்கே அடியில கறுப்புக் கோட்டிங்கும் அடிச்சு, மறுநாள்தான் அவன்கிட்ட வண்டியக் கொடுத்தேன்."

வாசலில் கிஷோர் தானே ஓட்டும் சொந்த வண்டி நின்றது. அதே மாடல், பழசு. சக்கரத்துக்குள் சேறு இறுகிப் போயிருந்தது. ஸ்ட்ரட் மட்டும் பளிச்சென்றிருந்தது.

10.30. மெக்கானிக் பிரபாவின் ஒர்க்‌ஷாப்.

"ஒரிஜினல் விலை ஜாஸ்தி மேடம். வெளி கம்பெனியிலயும் கேரண்டியோட நல்ல ஸ்ட்ரட் வருது, அதையே போடலாம்னேன். அர்ஜுனனும் சரின்னாரு. கிஷோர் சார் ஒத்துக்கல. ஒரிஜினல் பில் இருந்தாத்தான், வண்டிய லோடுக்கு எடுத்திருக்கிற ஃபேக்டரிக்காரங்க ரிப்பேர் பணம் தருவாங்களாம்."

"ஸ்ட்ரட் யார் கொண்டாந்தது?"

"அவரேதான். ஒரிஜினல் டப்பா. ஆனா சீல் பிரிஞ்சிருந்துச்சு."

"கேக்கலையா?"

பிரபா தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டேன். பேசாம மாட்டுன்னாரு."

"மாட்டிட்டீங்க! ஒரு ஆள் செத்துட்டான்!" என்றாள் பெர்னதெத்.

12.05. ஷெட்டுக்குத் திரும்பியவள் நேராக கிஷோரின் முன் போய் நின்றாள்.

"அர்ஜுனன் ஸ்ட்ரட்டக் கழட்டியிருந்தா போல்ட்டுல பூச்சு பேர்ந்திருக்கும். ஓட்டின வண்டிக்கு அவனே மறுபடி பூசியிருந்தா பூச்சுக்கு அடியில சேறு இருந்திருக்கும். ரெண்டும் இல்ல. அப்போ நீங்க கோட்டிங் அடிச்ச அன்னிக்கே உள்ளே இருந்தது போலிதான்."

"அப்போ மெக்கானிக்தான் ஏமாத்தியிருக்கான்!"

"அப்போ ஒரிஜினல் அவன்கிட்ட இருக்கணுமே? சேஷகிரி சார், இவரோட சொந்த வண்டியில இருக்கிற ஸ்ட்ரட்டோட நம்பரப் பாருங்க."

சேஷகிரி குனிந்து படித்தார். பில்லில் இருந்த அதே நம்பர்.

பெர்னதெத் கிஷோர் பக்கம் திரும்பினாள்.

"ஒரிஜினலுக்கு ஃபேக்டரி பணம் கொடுத்திருக்கு. அதை உன் வண்டிக்கு மாட்டிக்கிட்ட. நேர்மையா வெளி கம்பெனி ஸ்ட்ரட்டாவது வாங்கிப் போட்டிருந்தா அவன் வீட்டுக்கு வந்திருப்பான். கொன்னுட்டு, அவனையே திருடன்னு வேற சொல்ற!" அவள் குரல் ஷெட் முழுக்க எதிரொலித்தது. "இன்னும் எத்தனை வண்டியில இந்தப் போலி இருக்கு?"

சேஷகிரி அவன் சட்டையைப் பிடித்தார். "சொல்லுடா!"

"மூணு."

"எங்கே?"

"ரோட்டுல... லோடோட."

மரகதம் கண்ணைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தாள். அர்ஜுனனோடு வண்டி ஓட்டியவர்களின் நம்பரெல்லாம் அவளிடம் இருந்தது.

"சுதீர் அண்ணா, வேகத்தைக் குறைச்சு ஓரங்கட்டுங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன். நிறுத்துங்க!"

மறுமுனையில் இன்ஜின் சத்தம் அடங்கும்வரை காதிலிருந்து போனை எடுக்கவில்லை. பிறகு அடுத்த நம்பரை அழுத்தினாள்.