பின்பக்கத்து ஜன்னல்கள்

"என் பேரைக் கெடுக்கறது யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா" என்று கட்டட முதலாளி நனைந்த குடையோடு டேப் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றபோது காலை பத்து மணி.

துணிக் கிடங்காக இருந்த மூன்று மாடிக் கட்டடத்தை வாங்கி, அதைப் பன்னிரண்டு வீடுகளாக மாற்றிக்கொண்டிருந்தார் அவர். வீடு வாங்க முன்பதிவு செய்த எல்லோருக்கும் பெயரில்லாத கடிதம் ஒன்று போயிருந்தது. ஒரே வரி: 'பின்பக்கத்துப் படுக்கையறைகளில் பொழுது விடியாது.'

"சாபம் விட்டிருக்கான் பாருங்க! நாலு குடும்பம் வேண்டாம்னு ஒதுங்கிடுச்சு. நாளைக்கு நகராட்சி அதிகாரி பார்வையிட வர்றார்."

டேப் அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். முப்பது வருடம் கட்டட ஆய்வாளராக இருந்தவர். இன்றும் கைப்பையில் அளவு டேப் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார்.

"அண்ணி, இது எதிர்வீட்டு வாத்தியார் வேலைதான்" என்று முந்திக்கொண்டார் அவருடைய கொழுந்தன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். "கையெழுத்தைப் பார்த்தாலே தெரியுதே!"

"இது டைப் அடிச்சதுப்பா."

கொழுந்தன் குடையைத் தேடப் போனார்.

கட்டடத்தில் முதலாளியின் மச்சான் எதிர்கொண்டார், கான்ட்ராக்டர் அவர்தான். நடையில் எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று சுவிட்ச் பெட்டி பொருத்திக்கொண்டிருந்தார்.

முன்பக்க அறை மழை இருட்டில் மங்கிக் கிடந்தது. கண்ணாடியில் நீர் வழிந்தது. "இது என் பொண்ணுக்கு" என்றார் முதலாளி. "பின்பக்கம்தான் அமைதின்னு அவ ஆசைப்பட்டா. மச்சான்தான் பிடிவாதமா இதைக் குடுக்க வெச்சான்."

பின்பக்கப் படுக்கையறை பளிச்சென்று இருந்தது. பால்நிறக் கண்ணாடி போட்ட பெரிய ஜன்னல், திறக்க முடியாதது.

"ஏசி போடறதால திறப்பு வேண்டாம்னு விட்டுட்டோம்" என்றார் மச்சான்.

டேப் அக்கா டேப்பை எடுக்கவே இல்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு நடைப்பக்கம் திரும்பினார்.

"தம்பி, மெயினைக் கொஞ்சம் அணைங்க."

அதற்கென்றே காத்திருந்தவர் போல எலக்ட்ரீஷியன் சட்டென்று அணைத்தார். விளக்குகளோடு ஜன்னலும் அணைந்தது. பகல் பதினொரு மணிக்கு அந்த அறை கும்மிருட்டானது.

"அய்யோ!" என்றார் கொழுந்தன்.

"வெளியே மேகம் கட்டி மழை கொட்டுது. முன்பக்கம் இருட்டு, இங்கே வெளிச்சம். கண்ணாடியில ஒரு சொட்டு ஈரமில்லை, ஆனா சூடா இருக்கு" என்றார் டேப் அக்கா நிதானமாக. "பின்னால பக்கத்துக் கட்டடத்துச் சுவர். நடுவுல டியூப் லைட். கடிதத்துல சாபம் இல்லைங்க. கண்ணால பார்த்ததை எழுதியிருக்காங்க."

"பின்னால சந்து இருக்குன்னு சொன்னியேடா!" முதலாளி மச்சான் பக்கம் திரும்பினார்.

"அவருக்கும் தெரியாம யாரோ செஞ்சிருக்கலாமே?" என்றார் கொழுந்தன்.

"தெரியாதவர் இவர் பொண்ணை மட்டும் ஏன் முன்பக்கம் மாத்தணும்?"

மச்சான் தலை குனிந்தார்.

"நடுக்கூரையைத் திறந்து கீழ்த்தளம் வரைக்கும் வெளிச்சம் விடலாம்" என்றார் டேப் அக்கா. "அதுக்கு மாடிக்கு ஒரு வீடு போகும். பன்னிரண்டு வீடு ஒன்பதாகும்."

"ஒன்பதே இருக்கட்டும். எழுதினது யாரு?"

எலக்ட்ரீஷியன் உள்ளே வந்தார். "நான்தாங்க."

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தடவை வந்தேன். மச்சான்கிட்ட பேசிக்கோன்னு அனுப்பிட்டீங்க."

முதலாளி இருட்டில் எலக்ட்ரீஷியன் அருகே வந்தார். "நாளைக்கு அதிகாரி வரும்போது நான் வாயைத் திறக்கமாட்டேன்" என்றார். "நீயே எல்லாத்தையும் சொல்லு. நான் பக்கத்துல நின்னு கேக்கறேன்."