பழைய பேர், பழைய பாஸ்வேர்டு

வீட்டில் இருந்தது உலகநாதனின் போன் ஒன்றுதான். ஆனால் புது ரவுட்டர் அதில் காட்டிய வைஃபை பட்டியலில் மூன்று போன்கள் இருந்தன.

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முதல் வரியில் அவர் பெயர். இரண்டாவதில் குப்பம்மா. அது சரிதான். பக்கத்து வீட்டுக் குப்பம்மா பின்பக்கம் ஏரிக்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், போன் இடுப்பில்தான் செருகியிருப்பாள். மூன்றாவது வரியில் பெயர் இன்னும் வரவில்லை. அதன் பக்கத்தில் சிக்னல் கோடு ஒன்றே ஒன்று, அதுவும் விட்டு விட்டுத் தெரிந்தது.

மகள் கீதா சென்னையிலிருந்து சாதாரண அழைப்பில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்து பதினாறு நாள். உலகநாதனின் மனைவியும் அங்கேதான் இருந்தாள். பேரனை வீடியோவில் பார்க்கலாம் என்றால், ஏழு வருடத்துப் பழைய மோடம் பிள்ளையின் முகத்தைச் சதுரம் சதுரமாக வெட்டித்தான் காட்டியது. மருமகன் ராகுல் பார்த்தான், மூன்று கொம்பு வைத்த வெள்ளை ரவுட்டர் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டான். லைன் மோடத்துக்கே வரட்டும், மோடத்திலிருந்து ஒரு ஒயர் ரவுட்டரின் நீலத் துளைக்குப் போகட்டும், மோடத்தின் வைஃபையை மட்டும் நிறுத்திவிட வேண்டும். கீதா சொல்லச் சொல்ல, இடியாப்பமாய்ச் சிக்கிக் கிடந்த ஒயர்களைப் பிரித்து அவர் மாட்டி முடித்திருந்தார்.

"பேரும் பாஸ்வேர்டும் பழசையே போட்டுடு நைனா. அப்பதான் முன்ன கனெக்ட் ஆன போனெல்லாம் தானா ஏறிக்கும்" என்று சொல்லியிருந்தாள். அப்படியே போட்டார். போட்டபோது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"இன்னா நைனா, வந்துச்சா?"

"மூணு காட்டுதும்மா."

"மூணாவது யாருது?"

அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. அப்புறம் கூப்பிடுறேன் என்று கீதா வைத்துவிட்டாள்.

மணி ஐந்தரை இருக்கும். கார்த்திகை மாதத்து மழை இறங்கப் போகிற நேரத்துக் கருக்கல், பின்னறை ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் ஏரியும் வானமும் ஒரே ஈய நிறமாகி, கரையில் காயப்போட்ட வலைகளின் பாசி வாடையும், அடிச்சேறு கலங்கும் வாடையும், யாரோ கருவாட்டின் மேல் அவசரமாக இழுத்து மூடும் தார்ப்பாயின் சடசடப்பும் ஒன்றோடொன்று கலந்து உள்ளே வந்தன. மேசைமேல் பழைய மோடமும் புது ரவுட்டரும் மாறி மாறிக் கண் சிமிட்டின. மூன்றாவது வரி ஒரு முறை மறைந்து திரும்பி வந்தது. இந்த முறை பெயரோடு வந்தது.

நீலமேகம்.

நீலமேகம் அவருடைய அண்ணன் மகன். குப்பம்மாவின் புருஷன். அவன் போனுக்கும் ஒரு பொங்கலன்று கீதாதான் விளையாட்டாகப் பெயர் வைத்துக் கொடுத்தாள். போன வருடம் ஐப்பசியில் இதே ஏரி அவனைக் கொண்டுபோய்விட்டது. பாலிதீன் கவரில் சுற்றிக் கழுத்தில் மாட்டியிருந்த போன் கடைசி வரை கிடைக்கவில்லை.

அவன் எப்படிப் போனான் என்பது ஊருக்குத் தெரியும். ஏன் போனான் என்பது உலகநாதனுக்கு மட்டும் தெரியும்.

நீலமேகத்துக்கு ஒரு பழக்கம். மாலையானால் பின்பக்கம் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, சித்தப்பா வீட்டு வைஃபையில் சினிமா பார்ப்பான். அவருக்கு அது பிடிக்காது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. நெட்டுக்காகப் போய் அண்ணன் மகனிடம் முகத்தை முறித்தான் என்று நாலு பேர் பேசுவார்களே. அதனால் சத்தம் போடாமல் மோடத்தின் சுவிட்சை அணைத்துவிடுவார். அவன் வந்து கேட்டால், லைன் போச்சுடா என்பார். அவனும் நம்பிக்கொண்டு போவான்.

அந்த ஐப்பசி நாளில் காற்று சரியில்லை. ஆனால் அன்றைக்கு நீலமேகத்தின் பாடு. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று ஊரே சீட்டுப் போட்டுப் பிரித்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். விட்டால் அடுத்த முறைக்கு மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒருவன் பாட்டில் இன்னொருவன் கால் வைக்க மாட்டான். அதனால் இவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த நீர்ப்பரப்பில் அன்று அவனைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. குப்பம்மாவும் சுண்ணாம்புக்குளத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

பின்னறைக்கு ஏதோ எடுக்க வந்த உலகநாதன் மோடத்தைப் பார்த்தார். வைஃபை விளக்கு படபடவென்று துடித்தது. வீட்டில் யாரும் போனைத் தொடவில்லை. பாட்டை முடித்துவிட்டு வந்து நீலமேகம் துரை மாதிரி படகின் மேல் உட்கார்ந்துவிட்டான் போல என்று நினைத்தார். ஜன்னலைத் திறந்து பார்த்தால் தெரிந்திருக்கும். மழைச்சாரல் அடிக்கும் என்று திறக்கவில்லை. சுவிட்சை அணைத்தார்.

மறுநாள் காலை அவனைக் கண்டுபிடித்த இடம் கூப்பிடு தூரம். வலைக்கயிறு காலைச் சுற்றியிருந்தது. முழங்கால் வரை சேறு. முகம் இந்த வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. போனில் ரீசார்ஜ் தீர்ந்துபோச்சாம், யாரையும் கூப்பிட வழியில்லாம செத்தான் பாவி என்று ஊர் சொல்லி அழுதது. உலகநாதன் எல்லோரையும் விடச் சத்தமாக அழுதார். அந்த அழுகையில் பாதிக்கு மேல் பயம்.

அதற்குப் பிறகு யாரும் கேட்காமலே குப்பம்மாவின் போனில் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தார். அவளோ வைக்கிற குழம்பில் முதல் கிண்ணத்தை இவருக்குக் கொண்டுவருவாள். ராத்திரி பூரா தண்ணியில எறங்கித் தேடின மனுசன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவள் சொல்லும்போதெல்லாம் அவர் வெட்கத்தில் சோற்றை வெறுமனே பிசைந்துகொண்டிருப்பார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயைத் திறந்து, குழம்பு நல்லா இருக்கு என்று மூடியிருக்கிறார்.

இப்போது பட்டியலில் நீலமேகத்தின் பக்கத்தில் இரண்டு கோடுகள் இருந்தன.

சிக்னல் கூடுகிறதென்றால் போன் கிட்டத்தில் வருகிறது. அவ்வளவு அவருக்கும் தெரியும். சேற்றில் கிடந்தது எப்படி வரும்? எவனாவது கண்டெடுத்து வைத்திருப்பான் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். மழை ஓட்டின் மேல் இறங்கியது.

மூன்று கோடு.

அவர் கையிலிருந்த போன் டிங் என்றது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. அனுப்பியவன் நீலமேகம். கட்டைவிரல் தானாகத் தொட்டுவிட்டது.

"சித்தப்பா, கால்ல கயிறு சுத்திக்கிச்சு. வூட்டுப் பின்னாடிதான் கீறேன். வாட்ஸ்அப்புல போன் போட்டேன், நீ எடுக்கல. கொஞ்சம் வா சித்தப்பா."

குரலில் பதற்றமே இல்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று நம்புகிற குரல்.

டிங்.

"நெட்டு போச்சு போல. கரண்ட் இல்லியா?" மழை இரைச்சல். மூச்சு. "வூட்ல லைட்டு எரியுதே சித்தப்பா."

ஒரு வருடம். அனுப்பிய செய்திகள் ஒரு வருடமாகச் சேற்றுக்குள் காத்துக் கிடந்திருக்கின்றன. பழைய மோடம் எட்டாத ஆழத்துக்கு இந்த மூன்று கொம்பு எட்டியிருக்கிறது. இதே பெயர், இதே பாஸ்வேர்டு.

டிங்.

மூன்றாவதில் பேச்சே இல்லை. தண்ணீர் மட்டும்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சாகப் போகிறவன் சித்தப்பாவுக்கு மட்டுமா அனுப்பியிருப்பான்? பெண்டாட்டிக்கும் அனுப்பியிருப்பான். சித்தப்பா வீட்டில் விளக்கு எரிந்ததை அவளுக்கும் சொல்லியிருப்பான். அவள் போனும் இதே வைஃபையில் இருக்கிறது.

அவர் செத்தவனை நினைக்கவில்லை. தன் முகத்தை நினைத்தார். நாளைக்குக் குப்பம்மா பார்க்கப் போகிற பார்வையை நினைத்தார். மேசைக்குக் கீழே குனிந்து, இரண்டுக்கும் கரண்ட் போகும் பிளக்கைப் பிடித்து இழுத்தார்.

மோடம் அணைந்தது. ரவுட்டர் அணைந்தது.

இரண்டாவது முறை. அதே கையால்.

மழை மட்டும் கேட்டது. பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டே போனைப் பார்த்தார். பட்டியல் போகவில்லை. அவர் பெயர் இல்லை. மற்ற இரண்டு பெயர்கள் இருந்தன. இரண்டுக்கும் நிறையக் கோடுகள். முழுசாக.

பின்கதவு திறந்தது.

குப்பம்மா நின்றாள். இடுப்பு வரை புடவை நனைந்து, கணுக்காலில் சேறு. போன் காதில். முகத்தில், ஒரு வருடமாக அவர் பார்த்திராத சிரிப்பு.

"அவருதான் மாமா."

அவள் ஒரு எட்டு உள்ளே வைத்தாள்.

"தண்ணியாண்ட போனாதான் நல்லா கேக்குது. இன்னா கேட்டாலும் எனக்குச் சொல்ல மாட்றாரு. ஒங்களாண்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணுமாம்."

போனை நீட்டினாள். திரையில் நீலமேகத்தின் பெயர். கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. குரல் வரும் சின்னத் துளையிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்தது. அவள் மணிக்கட்டில் இறங்கி முழங்கையில் சொட்டியது. நிற்கவில்லை. அவளுக்கு அது தெரிந்த மாதிரியும் இல்லை.

"பேசுங்க மாமா."

உலகநாதன் வலது கையிலிருந்த பிளக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, இடது கையை நீட்டினார்.