பிள்ளைகள் ஹாலில் அப்பா

எங்கள் அப்பா பாக்கியசீலனுக்குக் காது கேட்காது. விக்கிரமசிங்கபுரத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அம்மா நர்ஸ். ஞாயிறும் டூட்டி உண்டு. அதனால் கோயிலில் ஐயர் பேசுவதை நான்தான் கைச்சாடையில் அப்பாவுக்குச் சொல்வேன். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் அரைமணி நேரம் பேசுவதை நான் அஞ்சு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரி.

இந்த வருஷம் ஒரு புதுச் சட்டம் வந்தது. முதல் பாட்டு முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் பின்பக்க ஹாலுக்குப் போய்விட வேண்டும். அங்கே சாரம்மாள் டீச்சர் பாட்டும் கதையும் சொல்லித் தருவார்.

நானும் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அப்பா முகமே சரியில்லை. ஜெபத்துக்கு எல்லாரும் முழங்கால் போட்டபோது அவர் மட்டும் கண்ணை மூடியபடி, தெரியாமல் நின்றுகொண்டிருந்தாராம். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்களாம்.

"இனி நீ மட்டும் போ. நான் வரவில்லை" என்று சாடையில் சொன்னார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நேரே ஐயரிடம் போனேன்.

"ஐயா, நான் அப்பா கூடத்தான் இருப்பேன்."

"உன்னை மட்டும் விட்டா எல்லாப் பிள்ளையளும் கேக்குமே பெனிட்டா! உங்களுக்குப் புரியுத மாதிரி சொல்லணும்னுதானம்மா தனியா வச்சிருக்கோம்."

"சரி. பெரியவங்க பிள்ளைங்க ஹாலுக்கு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கா?"

ஐயர் தலையைச் சொறிந்தார். "அப்படி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே!"

"அப்போ சட்டம் இல்ல. வாரேன் ஐயா!"

அடுத்த ஞாயிறு அப்பாவின் கையை நான் விடவே இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டே ஹாலுக்கு வந்தார்.

"ஏட்டி, அப்பாவை எங்கன கூட்டிட்டு வாரே?" என்றார் டீச்சர்.

"இங்கனதான் டீச்சர். ஐயர்கிட்ட கேட்டாச்சு!"

அன்றைக்கு யோனா கதை. டீச்சர் சொல்லச் சொல்ல நான் சாடையில் சொன்னேன். எப்போதும் சளசளவென்று பேசும் பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டு என் கையையே பார்த்தார்கள். நடுவில் அப்பா என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்.

"மீன் வயித்துக்குள்ள நாத்தம் அடிச்சிருக்காதான்னு அப்பா கேக்காரு" என்றேன்.

ஹாலே சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நல்லா இருக்கே! எங்க அம்மாவையும் கூட்டிட்டு வரட்டா?" என்றான் ஜெபராஜ்.

"எங்க தாத்தாவையும்!" என்றாள் இன்னொருத்தி. அன்றைக்கே எல்லாரும் என்னிடம் சாடை கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

மறு வாரம் ஹாலில் கால் வைக்க இடமில்லை. பாதி சபையைக் காணோம் என்று ஐயரே தேடி வந்துவிட்டார்.

"ஏ பெனிட்டா, என் சபை இங்கனதான் இருக்குதா?"

"உங்களுக்கும் இடம் இருக்கு ஐயா. தரையிலதான் உக்காரணும்!"

ஐயர் விழுந்து விழுந்து சிரித்தார். "போதும் தாயே! எல்லாரும் கோயிலுக்கே வாங்க. பிள்ளையளும்தான். டீச்சர் கதையை அங்கனயே சொல்லட்டும்."

அப்படியே செய்தோம். நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசி ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும், நான் சொல்லிக்கொடுத்தபடி, கைகளால் ஆமென் சொன்னார்கள். அதைப் பார்த்துப் பெரியவர்களும் கையைத் தூக்கினார்கள்.

அன்றைக்குத்தான் அப்பா முதல்முறையாக, எல்லாரோடும் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆமென் சொன்னார்.