பழுதாகவிருக்கும் மானிகள்

கீழ்த்தளப் பம்ப் அறையின் கதிர்மானியைக் கழற்றச் சொல்லி முறைவகுப்பி மறுபடியும் உத்தரவு போட்டிருந்தது. ஜெனிஷா திரையை முறைத்துப் பார்த்தாள். போன வாரம்தான் அங்கே புது மானி பொருத்தினார்கள். அதற்குள் அதற்கு என்ன கேடு வந்துவிடும்?

முத்தலைக்கரை அணுமின் நிலையத்தில் இப்படியெல்லாம் யோசிக்கும் பழக்கம் யாருக்கும் கிடையாது. அங்கே திரும்பின பக்கமெல்லாம் கதிர்மானிகள். காற்றில் கதிரியக்கம் கூடி, அடுத்தடுத்த இரண்டு மானிகள் ஒத்துச் சொன்னால் ஊருக்கெல்லாம் கேட்கும்படி சங்கு ஊதும். மனிதர் யாரும் தன் இஷ்டத்துக்குச் சங்கை ஊத முடியாது. முன்பு உப்புக்காற்றில் கெட்டுப்போன மானிகள் சும்மா சும்மா கத்திக்கொண்டிருந்தன. அப்படி ஒரு பொய்ச் சங்கைக் கேட்டு ஊரே பாலத்தில் முண்டியடித்து ஓடியபோது, பிள்ளைகள் மிதிபட்டுச் செத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் முறைவகுப்பி என்ற கணினி. பம்பின் அதிர்வு, குழாயின் சூடு, காற்று வீசும் திசை என்று நிலையத்தின் நாடித்துடிப்பு முழுக்க அதற்கு அத்துப்படி. எந்த மானி எப்போது பழுதாகும் என்று முன்னதாகவே கண்டுபிடித்து, அது கத்துவதற்குள் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பிவிடும். அது வந்த நாளிலிருந்து சங்கு ஊதவே இல்லை. ஊர் நிம்மதியாகத் தூங்கியது. நிலையத்துக்கு விருதுகூடக் கொடுத்தார்கள். விருதுக்கு என்ன, கேட்டால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

ஜெனிஷா மானிப் பிரிவின் மேற்பார்வையாளர். அவள் கணவன் சகாய டார்வின் அந்தப் பம்ப் அறையில்தான் ஃபிட்டர். அவன் மட்டும் அங்கே இல்லாதிருந்தால், ஆளை அனுப்பி மானியைக் கழற்றச் சொல்லிவிட்டு அவளும் டீ குடிக்கப் போயிருப்பாள். மனசு கேட்கவில்லை. கழற்ற ஆளை அனுப்பிவிட்டு, ஸ்டோரில் கிடந்த பழைய கைமானி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே தானும் கீழே இறங்கினாள்.

மானி கழற்றிய இடத்தில் சுவரில் நாலு ஓட்டைகள்தான் இருந்தன. கதவைத் திறந்ததுமே கைமானியின் முள் எகிறியது. உள்ளே டார்வின் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வால்வை இறுக்கிக்கொண்டிருந்தான். “மேல ஒரு அவசர வேலை, வாங்க” என்று பொய் சொல்லி அவனை வெளியே கூட்டி வந்தாள்.

நேராகப் பராமரிப்புத் தலைமைப் பொறியாளர் தாணுமூர்த்தியின் அறைக்குப் போனாள்.

“சார், முறைவகுப்பி மானி கெட்டுப்போறதச் சொல்லல்ல. கசிவு வரப்போறதச் சொல்லுது. கசியதுக்கு முன்னாடி மானிய எடுத்துருது!”

அவர் பதறுவார் என்று எதிர்பார்த்தாள். தாணுமூர்த்தி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“உக்காருங்கம்மா. அது என்ன செய்யும் பாவம்? நாமதான சொல்லிக் குடுத்தோம்.”

அவர் சொன்னது உண்மை. அந்தக் காலத்தில் மானி கத்தும்போதெல்லாம் ஷிஃப்டில் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும்: கசிவா, கருவிப் பழுதா? கசிவு என்று சொன்னால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. சிறுநீர்ச் சோதனை, விசாரணை, பெண்டாட்டி பிள்ளைகள் வாசலில் காத்துக்கிடப்பது. அதனால் சின்னக் கசிவு என்றால் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பழுது என்று பொத்தானை அமுக்கிவிடுவார்கள். கூட வேலை செய்பவனுக்குச் செய்யும் மரியாதை அது. புதிதாக வருகிறவருக்குக் கேண்டீன் எங்கே என்று சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள். ஜெனிஷாவுக்கும் சொன்னார்கள். முறைவகுப்பி படித்துத் தேறியது அந்தப் பதில்களை வைத்துத்தான். கதிரியக்கம் என்றால் அதன் அகராதியில் கருவிப் பழுது. கசிவை இவ்வளவு துல்லியமாக முன்கூட்டிச் சொல்லும் இயந்திரம் உலகத்தில் வேறு கிடையாது. அந்த அருமையான இயந்திரத்தை இவர்கள் தங்கள் கண்ணைக் கட்டிக்கொள்ள வைத்திருந்தார்கள்.

“எல்லாருக்கும் சொல்லிருவோம் சார்.”

“சொன்னா நாளைக்கே இழுத்து மூடிருவாங்க. இத்தன வருசமா எவனெவன் உடம்புல எவ்வளவு ஏறியிருக்குன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல? நீங்க என்ன சொல்லுவீங்க?” அவர் குரலைத் தாழ்த்தினார். “டார்வின டவுன்ஷிப் ஸ்கூலுக்கு மாத்திருதேன். தண்ணி மோட்டார் வேலை, நல்ல காத்து. நீங்க காலைல உத்தரவப் பாருங்க, எங்க கழற்றச் சொல்லுதோ அந்தப் பக்கம் போவாதீங்க. நான் அப்பிடித்தான் இருக்கேன். ஆனா வீட்டுக்காரர்ட்ட மூச்சு விடப்பிடாது. அவரு வாய் நிக்காது.”

ஜெனிஷாவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. “ரொம்ப நன்றி சார்” என்றாள்.

டார்வின் குஷியாகிவிட்டான். மகள் மெர்லின் படிக்கும் பள்ளி அது, தினமும் அவளோடு சேர்ந்து போகலாம். பம்ப் அறைக்கு இசக்கிமுத்து என்ற ஒப்பந்தத் தொழிலாளி வந்தான்.

“அக்கா, இந்த ரூமுல மட்டும் எப்பவும் மானியக் காணலயே?” என்று ஒரு நாள் அவன் கேட்டான்.

“சர்வீஸுக்குப் போயிருக்கு.”

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. மனுஷ வயிறு அப்படித்தான்.

மழை விட்டு, காற்று கடலிலிருந்து ஊரைப் பார்த்து வீசத் தொடங்கியிருந்த ஒரு காலையில் அவள் வேலைக்கு வந்தபோது, சர்வீஸ் அறையில் மானிகளை அடுக்க இடமில்லை. உலைக் கூடத்து மானிகள், புகைபோக்கியின் மானிகள் எல்லாவற்றையும் முந்தின ஷிஃப்டே கழற்றிப் போட்டிருந்தது. திரையில் அடுத்த உத்தரவுகள் ஓடிக்கொண்டிருந்தன. நிலையத்தின் வாசல். ஊருக்குப் போகிற ரோடு. டவுன்ஷிப் கேட். பள்ளிக்கூட மொட்டை மாடி.

அவள் தாணுமூர்த்திக்குப் போன் செய்தாள். எடுத்தார். கார் ஹார்ன் சத்தமும் பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தமும் கேட்டன.

“அவசர லீவும்மா. ஊருக்குப் போயிட்டிருக்கேன்” என்றார். பிறகு, “நீங்க இன்னும் உத்தரவப் பாக்கலயா?” என்று கேட்டார்.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடினாள். உலையை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். அங்கிருந்த பொறியாளர் திரையைக் காட்டினார். சர்வீஸுக்குப் போன மானி திரையில் பச்சையாகத்தான் தெரியும். திரை முழுக்கப் பச்சை. “எந்த மானி என்ன காட்டுதுன்னு நிறுத்தச் சொல்லுதீங்க மேடம்?” என்று பொறுமையாகவே கேட்டார். திரும்பி ஓடி வந்து, கழற்றிய மானிகளில் இரண்டையாவது பொருத்திவிடலாம் என்று அனுமதி கேட்டாள். இவை இன்று பழுதாகும், பொருத்த அனுமதி இல்லை என்றது முறைவகுப்பி.

போனில் டார்வினைக் கூப்பிட்டாள்.

“நம்ம மெர்லினக் கூட்டிட்டு இப்பமே வண்டிய எடுங்க. மத்த பிள்ளைங்களையும் அனுப்பச் சொல்லுங்க. வடக்க பாத்துப் போங்க, எங்கயும் நிக்காதீங்க.”

“என்ன ஆச்சு ஜெனி?”

“கசிவு. பெருசா வரப்போவுது.”

அவன் அங்கே யாரிடமோ பேசுவது கேட்டது. மைதானத்தில் பிள்ளைகள் பி.டி. வகுப்பில் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். பம்ப் அறையிலிருந்து தொடங்குவதா, பொத்தானிலிருந்து தொடங்குவதா என்று தெரியவில்லை. அவன் மறுபடி லைனுக்கு வந்தபோது, பயந்துபோன பிள்ளையைத் தேற்றுவது போலப் பேசினான்.

“ஹெட்மிஸ்ட்ரஸ்ட்டயும் கேட்டேன், அவங்க சிரிக்காங்க. யாரு என்ன சொன்னாங்க உங்கிட்ட? மானிப் பிரிவுல இருந்துட்டு நீயே இப்பிடிப் பயப்படலாமா? அப்பிடி ஏதாச்சும்னா இந்நேரம் சங்கு ஊதியிருக்குமே ஜெனி.”