புதுசுக்குள் புதுசு

மதியம் ஒன்றரை ஆனதும் கரூர் மொத்தமும் தூங்கப் போனது. தறிகள் தாமாக ஓடின, பேருந்துகள் தாமாக ஓடின, ஆட்கள் மட்டும் தலையணையைத் தேடினார்கள். அரசாங்கமே மணியடித்து விடுகிற கண்ணயர் வேளை அது. தலையணை என்றால் பழைய பஞ்சுத் தலையணை இல்லை, கனவணை. அதில் தலையைச் சாய்த்தால் போதும், கேட்ட ஆட்டம் கனவாக ஓடும். மேகத்தின் மேல் குதிரை விடலாம், கடலடியில் சைக்கிள் மிதிக்கலாம். யாரும் தோற்கமாட்டார்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடு எழுந்து காபி குடிப்பார்கள்.

இப்படிக் கனவு செய்து விற்கும் தூவானம் ஆட்டகத்தில் மோனிஷாவுக்கு வேலை. வயது ஐம்பத்தாறு. அந்தப் பெயரே பழங்காலத்துப் பெயர் என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் கிண்டலடிப்பார்கள். யாழ்மொழி, நறுமுகில் என்று பெயர் வைத்துக்கொண்டவர்களுக்கு அந்த உரிமை உண்டுதான்.

ஒருநாள் அவள் தன் புது ஆட்டத்தை ஆட்டகத்தின் தலைவன் அகரனிடம் கொண்டுபோனாள். அகரனுக்கு அவள் வயதில் பாதிகூட இல்லை.

"ஆட்டத்துல என்னக்கா பண்ணணும்?"

"ஒரு பஸ்ஸ ஏத்தணும்."

"எதுல?"

"பழைய கம்ப்யூட்டர்ல."

"ஏறுமா?"

"ஏறாது."

அகரன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "தோத்துப்போறதுக்கு எவனாச்சும் மெனக்கெட்டுத் தூங்குவானாக்கா?"

நியாயமான கேள்விதான். மோனிஷா விளக்கினாள். அவள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் கம்ப்யூட்டரில் பேருந்து ஓட்டும் ஆட்டம் ஒன்று இருந்தது. அதில் ஓடியதெல்லாம் வெளிநாட்டுப் பேருந்துகள். நம் ஊர்ப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? நம் ஊர்த் தனியார் பேருந்தை, வண்ணம், பூமாலை, ஏர்ஹாரன் உட்பட அப்படியே செய்து அந்த ஆட்டத்துக்குள் செருகினார்கள். அப்படிச் செருகுவதற்குப் பெயர் மாட். செருகுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு கோப்பு இடம் மாறினாலும் போச்சு. பேருந்து வெள்ளைவெளேரென்று நிற்கும். சக்கரம் இருக்காது. சில நேரம் ஓட்டுநர் பேருந்துக்கு வெளியே, காற்றில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

"அப்ப என்ன பண்ணுவீங்க? இணக்கிகிட்ட விட்டுருவீங்களா?"

"இணக்கி ஏது தம்பி அப்ப? ரிஸ்வானாவுக்கு ஃபோன் போடுவேன்."

ரிஸ்வானா அவள் தோழி. ரிஸ்வானாவின் அத்தா பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வண்ணம் அடிப்பவர். அவர் அடித்த அமராவதி என்ற கரூர்–ஈரோடு பேருந்தைத்தான் இரண்டு பெண்களும் சேர்ந்து மாட் ஆக்கினார்கள். ஹாரன் சத்தத்தை ரிஸ்வானா பேருந்து நிலையத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்று பிடித்து வந்தாள். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். எதைச் சுருக்கி அனுப்பினாலும் 'புதுசு' என்ற கோப்புறைக்குள் இன்னொரு 'புதுசு' உறையை வைத்து, அதற்குள்தான் பேருந்தை வைப்பாள். ஆட்டம் வெளி உறையைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். மோனிஷா ஃபோன் போட்டுக் கத்துவாள். அவளோ, "ரீட்மீ படிச்சியா?" என்று அதிகாரமாகக் கேட்பாள். வழிமுறை எழுதிய அந்த ரீட்மீ கோப்பை அவள் ஒருநாளும் எழுதியதில்லை. இப்படியே ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் கழிந்தன. பேருந்தை ஓட்டிய நேரம் கொஞ்சம், ஏற்றிய நேரம்தான் அதிகம்.

பிறகு இணக்கி வந்தது. எதையும் எதோடும் பொருத்திவிடும் கருவி. பழைய மூடி புதுச் செம்பில் உட்கார்ந்தது. ஜப்பான் குழாய் கரூர்த் தண்ணீர்த் தொட்டியில் பொருந்தியது. பழுது என்ற சொல்லே வழக்கொழிந்தது. பக்கத்து வீட்டில் போய், "உங்க வீட்லயும் இப்படித்தான் ஆகுதுங்களா?" என்று கேட்க எதுவும் மிஞ்சவில்லை. மோனிஷாவும் ரிஸ்வானாவும் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடச் சமாதானமாகியிருக்கலாம். கேட்க ஒன்றுமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். ரிஸ்வானா ஈரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள் என்பது தெரியும். ரம்ஜானுக்கும் பொங்கலுக்கும் அழகான வாழ்த்துகள் வந்துபோகும். இருபது வருஷமாகக் குரல் கேட்கவில்லை. 'சும்மா கூப்பிட்டேன்' என்று சொல்ல மோனிஷா எத்தனையோ தடவை ஃபோனை எடுத்துவிட்டு வைத்திருக்கிறாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு 'சும்மா' என்ற சொல்லுக்குக் கனம் கூடிவிட்டிருந்தது.

இதையெல்லாம் அவள் அகரனிடம் சொல்லவில்லை. ஆட்டத்தை மட்டும் சொன்னாள். வெயில் காலத்து அறை, கரகரக்கும் மின்விசிறி, ஏறாத பேருந்து, மேசையில் ஒரு ஃபோன். அந்தக் கனவுக்குள் இணக்கி நுழைய முடியாது. மாட்டிக்கொண்டவர் ஃபோனை எடுத்தால், வழக்கமாக யாரிடம் கேட்டிருப்பாரோ அவரைக் கனவணை நினைவிலிருந்து தேடிப் பிடித்து, நிஜமாகவே அவருக்கு அழைப்புப் போடும்.

ரிஸ்வானா இந்த ஆட்டத்தை ஆடினால் யாருக்கு அழைப்பு வரும்? மோனிஷாவின் ஆசை மொத்தமும் அதில்தான் இருந்தது.

'ஞாயிறு மதியம்' வெளியானபோது அகரன் தலையில் கைவைத்துக்கொண்டான். அடுத்த மாதம் அந்தக் கையை எடுத்துக் கைதட்டினான். ஊரே படுத்துத் தோற்றது. எழுந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "உன்கிட்டப் பேசி எவ்வளவு நாளாச்சு, பஸ் சக்கரமில்லாம நிக்குதுடா" என்று பழைய கூட்டாளிகளிடம் புலம்பினார்கள். கனவுகளும் ஒரு மாதிரி கலந்துபோயின. அமராவதி ஆற்றுக்கு மேலே வெள்ளைப் பேருந்து ஒன்று சத்தமில்லாமல் மிதந்துபோவதை ஒரே மதியத்தில் நூற்றுக்கணக்கான பேர் பார்த்தார்கள். வெளியே காற்றில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் எல்லாருக்கும் கையசைத்தாராம்.

மோனிஷா தன் ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாள். மகள் வயதுக்காரிகள்கூடக் காதலன் அழைப்புக்கு அப்படிக் காத்திருக்கமாட்டார்கள். ஃபோன் வரவில்லை.

அதற்குப் பதிலாக 'நேர்வழி' வந்தது. யாரோ செய்த மாட். அதைக் கனவணையில் போட்டுக்கொண்டு படுத்தால், முதல் தட்டிலேயே பேருந்து ஏறிவிடும், கனவில் ஃபோனே இருக்காது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு இணக்கிகள் அதை வாங்கி வைத்தன. மனுஷப் புத்தியைக் கேட்கவா வேண்டும்? கஷ்டப்படத்தான் காசு கொடுத்தார்கள், கஷ்டத்தை எடுத்துவிட இப்போது பறந்தார்கள். பேருந்து ஏறியது, ஓடியது, ஈரோடு வந்தது. ஆடியவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்தார்கள். அழைப்புகள் நின்றன.

"ஆடுறவங்க எண்ணிக்கை இன்னும் ஏறுதுக்கா!" என்றான் அகரன்.

"ஏறட்டும், நல்லா ஏறட்டும்," என்று மோனிஷா எரிந்து விழுந்தாள். நெல்லை விதைத்த இடத்தில் எவனோ வந்து புல்லை விதைத்துவிட்டுப் போன ஆத்திரம் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை சோதனைக் கனவணை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதில் இணக்கி தொடர்பு கிடையாது. நேர்வழி எப்படித்தான் வேலை செய்கிறது, செய்தவன் எவன் என்று பார்த்துவிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும். மாடை ஏற்றினாள்.

ஏறவில்லை.

மறுபடி ஏற்றினாள். 'உள்ளே ஒன்றுமில்லை' என்றது கனவணை. ஊர் முழுக்க ஓடுகிற மாட் இங்கே மட்டும் ஏன் ஓடாது? சுருக்கத்தைக் கையால் பிரித்தாள். உள்ளே 'புதுசு' என்று ஓர் உறை. அதைத் திறந்தாள். உள்ளே இன்னொரு 'புதுசு'.

மோனிஷா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற வீடுகளில் இந்தத் தப்பை இணக்கி சத்தமில்லாமல் திருத்திவிட்டிருக்கிறது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. உலகத்தில் இந்தத் தப்பை இவ்வளவு விடாப்பிடியாகச் செய்யக்கூடியவள் ஒருத்திதான்.

இப்போது கேட்பதற்கு ஒன்று இருந்தது. எண்ணை அழுத்தினாள்.

"அலோ." குரல் கொஞ்சம் தடித்திருந்தது. ஆனாலும் அதே குரல்.

"ரிஸ்வானா, நான் மோனிஷா. உன்ற மாட் ஏறமாட்டேங்குதுடி."

வைத்துவிடுவாளோ என்று மோனிஷா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ரீட்மீ படிச்சியா?" என்றாள் ரிஸ்வானா.

"நீ எழுதினாத்தானேடி படிக்கிறதுக்கு!"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓயும்போது மோனிஷாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க அதட்டினாள். "ஏண்டி, என்ற ஆட்டத்தக் கெடுக்கறதுக்குன்னே பண்ணினயா?"

"உன்ற ஆட்டம்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு புள்ள. நாலஞ்சு தடவ படுத்தேன். பஸ் ஏறாது, ஃபோன் இருக்கும். எடுத்தா நீதான் வருவேன்னு தெரியும். இத்தன வருஷங்கழிச்சு என்னத்தப் பேசறது? வெக்கமாப் போச்சு. அதான் ஃபோனே வேண்டாம்னு ஒண்ணு பண்ணிக்கிட்டேன். எனக்குன்னுதான் பண்ணினேன். எங்கூட்டு இணக்கி, நல்லா இருக்குதேன்னு ஊருக்கே குடுத்துப்போட்டுது."

"என்கிட்டப் பேச என்னடி வெக்கம்? ரம்ஜானுக்கு நான் வாழ்த்து அனுப்புனா, எவ்வளவு ஆசையா பதில் போடுவ நீ?"

"நானா? நான் எங்க போட்டேன்? நீ அனுப்புனதே இணக்கி சொல்லித்தான் தெரியும்."

மோனிஷா யோசித்துப் பார்த்தாள். "நானும் அனுப்பலயேடி."

இருபது வருஷமாக இரண்டு இணக்கிகள் ஒன்றுக்கொன்று நலம் விசாரித்து, பண்டிகை கொண்டாடி, உயிர்த்தோழிகளாக வாழ்ந்திருக்கின்றன. அதை நினைத்து இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"செரி, மாட் என்னன்னு சொல்லுது?" என்று ரிஸ்வானா பேச்சை மாற்றினாள்.

"உள்ள ஒண்ணுமில்லைன்னு சொல்லுது," என்றாள் மோனிஷா. உள் உறையை வெளியே எடுத்து வைத்தால் தீர்ந்தது, ஒரு நொடி வேலை. அவள் எடுக்கவில்லை.

அப்போது சுவரில் மெல்லிய மணி ஒன்று அடித்தது. வீட்டு இணக்கி பேச்சை ஒட்டுக் கேட்டிருக்கிறது. தொடர்பே இல்லாத சோதனைக் கனவணையோடும் கூப்பிடாமலே தன்னைப் பொருத்திக்கொண்டு உள்ளே நுழைந்து, உறையைப் பிரித்து, பேருந்தை எடுத்து நிறுத்திவிட்டது. 'சிக்கல் தீர்ந்தது. இனி நீங்கள் அழைப்பை முடித்துக்கொள்ளலாம்' என்று பச்சை எழுத்து ஒளிர்ந்தது. கனவணையின் சின்னத் திரையில் அமராவதி, மாலையும் வண்ணமுமாக, ஆறு சக்கரத்திலும் நின்றுகொண்டிருந்தது.

மோனிஷா பச்சை எழுத்தைப் பார்த்தாள். "இன்னும் ஏறலடி," என்றாள்.

ஃபோனுக்குள், ஈரோட்டு வீட்டுச் சுவரில், அதே மெல்லிய மணி அடிப்பது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. அங்கேயும் பச்சை எழுத்து வந்திருக்கும்.

"ஏறலயா?" என்றாள் ரிஸ்வானா, கொஞ்சம் கழித்து.

"ம்ஹூம்."

"அப்படின்னா எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு மொதல்ல இருந்து வா புள்ள. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."