எண்பத்தொன்று

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் டாக்டருக்கே ஒரு டாக்டர் தேவைப்பட்டார். பை அப்படி ஒரு கனம். பிரஷர் கருவி இரண்டு, டார்ச் இரண்டு, நெபுலைசர், ஊசி மருந்துகள். மூன்று மாதமாக எதையும் விட்டுவிட்டு வரும் துணிச்சல் அவருக்கு இல்லை.

கதவைத் திறந்த பெண்ணுக்குக் காய்ச்சல். பையைப் பார்த்ததும் லேசாகச் சிரித்தாள்.

“குடி வந்துட்டீங்களா டாக்டர்?”

“வாடகை கம்மின்னா வரேன்மா.”

உள்ளே போனதும் இருவரும் கட்டிலின் சுவரோரப் பாதியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அவளுடைய நாலு வயது மகள் மூச்சுத் திணறி இறந்தது அங்கேதான். அன்று வந்து பார்த்தவரும் இவர்தான்.

அவள் விரலில் ஆக்சிஜன் கிளிப்பை மாட்டினார். தொண்ணூற்றெட்டு. குறையில்லை. மாத்திரை எழுதக் குனிந்தார்.

நல்ல மத்தியான வெயிலில் அறை சில்லிட்டது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் மருந்தின் ஆரஞ்சு வாசனை, எங்கிருந்தோ.

கிளிப் பீப் அடித்தது.

அவள் அதைக் கழற்றி, சுவரோரத் தலையணையில் வைத்திருந்தாள். விரல் இல்லாத கிளிப் வெறும் கோடுதான் காட்ட வேண்டும்.

எண்பத்தொன்று.

நாடி, நூற்றைம்பது.

தலையணையிலிருந்து விசில் போல மெல்லிய இழுப்பு.

“தினமும் மூணு மணிக்கு இழுக்குது,” என்று கிசுகிசுத்தாள். “நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அன்னைக்கு நான்... குழந்தைங்க நெபுலைசர் மாஸ்க்கை கிளினிக்லயே விட்டுட்டு வந்துட்டேன்மா. பெரியவங்க மாஸ்க்கைப் பொத்திப் பிடிச்சேன். பாதி மருந்து கண்ணுக்குத்தான் போச்சு. நோய் முத்திடுச்சுன்னு உங்ககிட்ட சொல்லித் தப்பிச்சேன்.”

“பைக்குள்ள மூணு தடவை கையை விட்டுத் துழாவினீங்களே. பாத்துட்டுதான் இருந்தேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“இன்னைக்கு இருக்கா டாக்டர்?”

இருந்தது. ஐந்து இருந்தன.

நெபுலைசரை ஓடவிட்டார். சின்ன மாஸ்க்கை வெறும் தலையணைக்கு மேலே பிடித்தார். மருந்துப் புகை பரவியது.

எண்பத்தைந்து.

தொண்ணூறு.

தொண்ணூற்றாறு.

இழுப்பு அடங்கியது. தாய் குனிந்து தலையணையை மெல்லத் தட்டிக்கொடுத்தாள்.

“தூங்கிட்டா.”

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினை நிறுத்தினார். மாஸ்க்கை எடுக்கப் போனார்.

வரவில்லை.

அதன் ரப்பர் பட்டை, ஒரு சின்னத் தலையின் அளவுக்கு, காற்றில் வளைந்து இறுகியிருந்தது.